தொடக் கூடாத மடை

அக்டோபர் 3, வெள்ளி

கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நேரில் வந்து ஆய்வு செய்வார்கள், அதுவரை வாகையேந்தல் கண்மாய் மடையில் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று போட்டிருக்கிறது. கடையில் ஆள் நிற்கும்போதே உரக்க வாசித்தேன். ஆதார் நகல் எடுக்க வந்தவர், லாட்டரி விழுந்திருக்கா என்று கேட்டார். அதைவிடப் பெரிசு என்றேன்.

பழைய கருங்கல் மடையை இடித்துவிட்டுப் புதுசாகக் காங்கிரீட் மடை கட்ட வந்த காண்ட்ராக்டர், கம்பியே போடாமல் சுவரை எழுப்பியிருக்கிறார். நகத்தால் கீறினால் மணல் உதிர்கிறது. சுவரை ஒட்டி வெட்டிய கரையையும் மூடவில்லை. வெட்டின இடத்தை வாய் மாதிரித் திறந்து போட்டுவிட்டு, முழு பில்லையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கென்று வந்த பணம் எங்கே போனது என்று கேட்பதுதான் எங்கள் கண்காணிப்புக் குழுவின் வேலை. அரசாங்கம் சம்பளம் கொடுக்காத வேலை, அதனால்தான் ஒழுங்காக நடக்கிறது. இந்த ஊருக்கு நான் செயலாளர்.

சிவகங்கையிலிருந்து எங்கள் ஒருங்கிணைப்பாளர் சகாயராஜ் போன் செய்தார். சுவர் வெளியே தெரிந்தபடி இருக்க வேண்டும், பக்கத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் ஊர்க்காரர்கள்தான் கெடுத்தார்கள் என்று காண்ட்ராக்டர் தப்பித்துவிடுவார் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை மடையில் ஒரு கூடை மண்கூடப் போடுவதில்லை என்று தீர்மானம் எழுதினேன். சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். கடைசியாகப் போட்டவன் என் தம்பி முத்திருளன். "கலெக்டரம்மா சொன்னா அப்பீல் ஏது" என்று என்னைக் கேலி செய்து சிரித்துக்கொண்டே போட்டான்.

அக்டோபர் 6, திங்கள்

பொற்கொடி சுண்டவத்தல் குழம்பு கொண்டுவந்தாள். என் தம்பி பெண்டாட்டி. நான் தனியாக இருப்பதால் பட்டினி கிடப்பேன் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அவளுக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

புழுதியில் விதைத்த நெல் தம்பி வயலில் முளைத்துவிட்டதாம். மடைக்கு நேர் கீழே இருக்கிற வயல் அவனுடையது. பெருமழை வந்தால் அந்தத் திறந்த வாய் என்ன ஆகும் என்று அவன் கேட்கச் சொன்னானாம். ஆய்வு இந்த வாரமே முடிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவனே வந்து கேட்கலாம். கேட்க மாட்டான். சின்ன வயசிலிருந்தே என்னிடம் தூது அனுப்பித்தான் பழக்கம்.

அக்டோபர் 9, வியாழன்

ஆய்வு தள்ளிப்போய்விட்டது. அதிகாரிக்கு விடுப்பு.

பக்கத்து ஊரில் ரேஷன் கடைக் கணக்கைப் பற்றிய கேட்பு இருந்தது. நான்தான் வாசித்தேன். எங்கள் குழுவின் வழக்கம் அது. கண்டுபிடித்ததையும் எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்ததையும் ஊர் கூடியிருக்கும்போது ஒவ்வொன்றாக வாசிப்போம். யாரைப் பற்றிய விஷயமோ அவரைப் பார்த்து 'இது சரியா' என்று மூன்று தரம் கேட்போம். அவர் இல்லையென்றால் வீட்டார் பதில் சொல்ல வேண்டும். அந்த வாயிலிருந்து 'சரி' வந்தால்தான் பதிவாகும். அப்புறம் யாராலும் அதை மாற்ற முடியாது. எனக்கு மைக் வேண்டாம் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். உண்மைதான். என் குரலுக்கு ரேஷன் கடைக்காரர் தலையே நிமிரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. இந்தத் தடவை ஜீப் இல்லையாம். ஆபீசர்களுக்கு ஜீப் கிடைக்காத நாளெல்லாம் நம் வேலைக்கு வருகிற நாளாகவே இருக்கிறது.

கண்மாயை நம்பி விவசாயம் பண்ணுகிற சோணைமுத்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது, வாயை மட்டும் மூட்டை போட்டு அடைத்துவிடலாமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதம் அலைந்தது எதற்கு, கையெழுத்துப் போட்ட கை யாருடையது என்று கேட்டேன். மூட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் காண்ட்ராக்டரிடமே போய் நியாயம் கேளுங்கள் என்றேன். திரும்பிப் போய்விட்டார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேன். கத்தாவிட்டால் இந்த ஊரில் எதுவும் நடக்காது.

அக்டோபர் 15, புதன்

மத்தியானம் தம்பி கடைக்கு வந்தான். மடையைப் பற்றிப் பேசினான். குழு முடிவைச் சொன்னேன். சாப்பிடச் சொன்னேன், சாப்பிடாமல் போய்விட்டான்.

மெஷினுக்கு டோனர் வாங்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

மழை.

அக்டோபர் 17, வெள்ளி

விடவே இல்லை. கரண்ட் இல்லை. கடை திறக்கவில்லை. சகாயராஜுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. அவர் எடுத்திருந்தால் கேட்டிருப்பேன். குழு முடிவை நான் ஒருத்தியாக மாற்ற முடியாது.

கொல்லையில் அடுக்கி வைத்திருந்த காலிச் சாக்குகளைக் காணோம். யாராவது ஆட்டுக்கு மறைப்புக் கட்ட எடுத்துப் போயிருப்பார்கள். கேட்டால் கொடுத்திருப்பேன்.

அக்டோபர் 18, சனி

கரை உடைந்துவிட்டது. மடைச் சுவர் அப்படியே மல்லாந்து கிடக்கிறது. கீழே வயலே இல்லை, எல்லாம் ஒரே தண்ணீர்.

தம்பியைக் காணோம். நேற்று மத்தியானம் வீட்டை விட்டுப் போனவனாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

கருவேலங்காட்டில் கிடைத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரில் யாரும் வெடி போடவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

எழுத உட்கார்ந்தால் கை போகவில்லை. இன்றைக்காவது எழுத வேண்டும்.

காரியம் முடிந்தது. பொற்கொடியின் அம்மா வீட்டு ஆட்கள் போய்விட்டார்கள். அவள் அழுது ஓய்ந்து சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். சோறு பிசைந்து வாயில் வைத்தால் மென்றுகொண்டே இருக்கிறாள், விழுங்க மறந்துவிடுகிறாள். நானும் அழ வேண்டும். எனக்கு அழுகை அவள் முன்னால் வருவதில்லை. கடைக்குப் போய் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். என் தம்பி. நான் பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. ஐயோ என்று எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன.

சோணைமுத்து வந்தார். துக்கம் கேட்கிற மாதிரி வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்திருளன் தலையில் சாக்குகளோடு மழையில் வீடு வீடாக வந்தானாம். வாயை அடைக்கலாம் வாங்க என்று கூப்பிட்டானாம். ஒருத்தரும் போகவில்லை. "நான் போயிருப்பேன் தாயி. ஆனா நீங்கதான வீடு வீடா வந்து கையெழுத்து வாங்குனீக. கடையில வச்சு அத்தனை பேச்சும் பேசுனீக" என்றார். அது குழுவின் முடிவு என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவனும் அதையேதான் சொன்னான் என்றார். அக்காவைக் கேட்டேன், குழு முடிவுன்னு சொல்லிருச்சு, அதுக்குத் தெரியாம முடிச்சிருவோம் என்றானாம்.

அவர் போன பிறகு கொல்லைக்குப் போய்ச் சாக்கு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்றைக்கு ஜீப் கிடைத்துவிட்டது. தரக் கட்டுப்பாட்டு ஆட்கள் வந்தார்கள். விழுந்து கிடந்த சுவரைத் துளைத்து எடுத்தார்கள். உள்ளே கம்பியே இல்லை, சிமெண்ட்டும் பேருக்குத்தான். நாங்கள் எழுதிக் கொடுத்தது ஒவ்வொரு வரியும் சரி. சகாயராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஞாபகம் வந்து, சாரிக்கா என்று விட்டுவிட்டார்.

சாக்கு மூட்டை ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நவம்பர் 5, புதன்

பொற்கொடி கடைக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை. கண்மாயைப் பார்த்துக்கொள்கிற எஞ்சினியர் ஆபீசிலிருந்து தாலுகாவுக்கு அறிக்கை போயிருக்கிறதாம். 'மேற்படி நபர் மீன் பிடிக்கச் சென்று தவறி விழுந்து இறந்தார்' என்று இருப்பதாகக் கிராம உதவியாளர் சொன்னாராம்.

மீன் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறவன் அவன். கரையை அடைக்கப் போய் இறந்தான் என்று எழுதினால், ஏன் அடைக்காமல் விட்டீர்கள் என்று அவர்களை யாராவது கேட்பார்கள். அதனால் என் தம்பி கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்துவிட்டார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மதினி. அவரு எதுக்குப் போனாருன்னு நாலு பேருக்கு நடுவுல நீங்க ஒருக்க வாசிச்சிருங்க. நீங்க வாசிச்சா மாறாதுன்னு அவரு எப்பவும் பெருமையாச் சொல்லுவாரு."

வாசிக்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

காண்ட்ராக்டர் பதில் கொடுத்துவிட்டார். சுவர் விழுந்ததற்குத் தாம் பொறுப்பில்லையாம். ஆய்வு முடியும்வரை தொடக் கூடாது என்ற உத்தரவை மீறி ஊர்க்காரர்கள் சாக்கு மூட்டைகளைப் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்களாம், அதில்தான் சுவர் சாய்ந்ததாம். யார் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. போட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னால் போதும், வழக்கு அவர் பக்கம் திரும்பிவிடும்.

சகாயராஜ் நேரில் வந்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் சந்தோஷம். எஞ்சினியர் ஆபீசே தன் அறிக்கையில் மீன் பிடிக்கப் போனவர் என்று எழுதியிருக்கிறது, அதன்படி மடையை யாரும் தொடவில்லை, அவர்கள் எழுதினதை வைத்தே காண்ட்ராக்டர் வாயை அடைத்துவிடலாம் என்றார். கேட்பில் அந்த வரியை வாசித்து ஊரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் காண்ட்ராக்டர் தப்பவே முடியாது, அவர் செலவிலேயே புது மடை கட்ட வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு மடையும் கிடையாது, அடுத்த வருசம் விளைச்சலும் கிடையாது.

அது உண்மையில்லையே என்றேன். "நமக்குத் தெரியும்க்கா. ஆனா நாம எழுதலையே, அவங்கதானே எழுதியிருக்காங்க" என்றார். நல்ல பையன்தான். ஊருக்காகத்தான் சொல்கிறார்.

நவம்பர் 20, வியாழன்

கேட்பு 29ஆம் தேதி, கோயில் கொட்டகையில். வாசிக்க வேண்டியதைப் படியெடுத்து வைத்தேன். அந்த வரியும் அதில் இருக்கிறது. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லட்டுமா என்று சகாயராஜ் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் வாசிக்காவிட்டால் ஊருக்குச் சந்தேகம் வரும்.

பதில் சொல்ல வேண்டியவள் பொற்கொடி. அவள் இல்லை என்று சொல்லட்டும். அவள் சொன்னால் அதோடு முடிந்தது, நான் பாட்டுக்கு எழுதிக்கொள்வேன். வழக்கு போனால் போகட்டும். அவளிடம் இதைப் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியைக் கலைத்த மாதிரி ஆகும்.



நவம்பர் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டகை நிறைந்திருந்தது. எஞ்சினியர் ஆபீஸ் ஆட்கள், காண்ட்ராக்டரின் வக்கீல், தாலுகாவிலிருந்து ஒரு அம்மா, எல்லாரும் வந்திருந்தார்கள். பொற்கொடி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன். பழைய மடை, புது மடை, கம்பி, சிமெண்ட், பில். ஒவ்வொன்றுக்கும் ஊர் சரி என்றது. என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அப்படி இருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

அந்த வரி வந்தது.

'வாகையேந்தலைச் சேர்ந்த முத்திருளன் என்பவர் மீன் பிடிக்கச் சென்று தவறி விழுந்து இறந்தார்.'

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தலையில் சாக்குகளோடு அவன் ஏறி இறங்கின வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். வக்கீல் பேனா மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

பொற்கொடியைப் பார்த்து, இது சரியா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டேன். அவள் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. சொல்லிவிடடி என்று எனக்குள் கத்தினேன். இல்லை என்று சொல்லு, ஒரு வார்த்தை, நான் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று. சத்தியமாகக் கிழித்திருப்பேன்.

மூன்றாம் தரம் கேட்டேன்.

எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரி" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். வக்கீல் பேனாவை மூடினார். நான் அடுத்த வரிக்குப் போனேன். இன்னும் நிறைய வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. காண்ட்ராக்டர் தம் சொந்தச் செலவில் மடையைக் கட்டித் தர வேண்டும். இனி அரசு வேலை எடுக்கவும் அவருக்குத் தடை. ஜில்லாவில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவையாம். சென்னையிலிருந்துகூடப் போன் வந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர், உங்களுக்கு இதில் மறக்க முடியாத தருணம் எது என்று கேட்டார். கரண்ட் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கேட்புக்குப் பிறகு பொற்கொடி குழம்பு கொண்டுவரவில்லை. நானும் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. இன்று போனேன்.

வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். உட்காருங்க என்று மணைக்கட்டையை நகர்த்திப் போட்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை போடத் தெரியும். உத்தரவு வந்ததைச் சொன்னேன். சோணைமுத்து சொன்னார் என்றாள். பிறகு நானும் ஒரு தட்டை இழுத்துவைத்துக் கொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ இல்லைன்னு சொல்லுவேன்னுதான் பொற்கொடி நான் நின்னேன். ஏன் சரின்னு சொன்ன?"

அவள் கையிலிருந்த புளியை முழுசாகச் சுத்தம் பண்ணித் தட்டில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஊரு நடுவுல நின்னு நீங்க வாசிக்கிறீக. நான் இல்லைன்னா நீங்க பொய்க்காரி ஆயிருவீக மதினி. அவரு இருந்தா அதுக்கு விட்டிருப்பாரா?"

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பப் புளியை எடுத்துக்கொண்டாள். நான் அங்கேயே அழுதேன். இந்தத் தடவை மெஷின் சத்தம் எதுவும் இல்லை. அவள் என்னைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

மடை வேலை நாளைக்குத் தொடங்குகிறது. பக்கத்திலேயே நின்று கண்காணிக்க ஊர் சார்பில் என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். போக வேண்டும்.

ஆவணத்தில் என் தம்பி மீன் பிடிக்கப் போனவன். நான் வாசித்தது, அவன் பெண்டாட்டி ஒப்புக்கொண்டது, இனி யாராலும் மாற்ற முடியாது. அவன் கரையை அடைக்கப் போனான். நான் தடுத்ததால் தனியாகப் போனான்.